1969 ரோடு ரன்னரும் மூன்றரை மில்லிமீட்டரும்

என் பிழைப்பே இடைவெளி அளப்பதுதான். கார் கம்பெனிகளுக்குக் கதவும் பானட்டும் செய்து அனுப்பும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை, டெட்ராய்ட்டுக்கு வடக்கே. கதவுக்கும் மட்கார்டுக்கும் நடுவே மூன்றரை மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் கூடலாம், குறையலாம். அதைத் தாண்டினால் ஒரு மீட்டிங், அந்த மீட்டிங்கைப் பற்றி இன்னொரு மீட்டிங். பகலெல்லாம் இப்படிப் போகும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கராஜ் கதவைத் தூக்கினால், உள்ளே நிற்கும் வண்டியில் ஓட்டுநர் பக்கக் கதவுக்குப் பின்னால் ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி, மறுபக்கம் ஒன்பது. யாரும் இடித்து அப்படி ஆகவில்லை. கதவுக் கீல்களின் போல்ட் தலையில் ஆலையில் அடித்த நீலப் பெயின்ட் இன்னும் உடையாமல் இருக்கிறது. ஸ்பானர் படாத போல்ட். அதாவது 1968 டிசம்பரில் டெட்ராய்ட்டில் ஒருவர் அந்தக் கதவை மாட்டி, ஒன்பது மில்லிமீட்டரைப் பார்த்து, "போதும், போ" என்று அனுப்பியிருக்கிறார்.

வண்டி, கிரைஸ்லர் கம்பெனியின் 1969 பிளிமத் ரோடு ரன்னர். மசில் கார் (சாதாரணக் காரில் பெரிய இஞ்சின் வைத்த வேக வண்டி) என்றால் நம் ஊர் நண்பர்கள் உடனே மஸ்டாங்கைத்தான் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டியிருக்கிறது. 1964 மாடலுக்காக, ஜெனரல் மோட்டார்ஸின் பான்டியாக் பிரிவில் ஜான் டெலோரியன், பில் காலின்ஸ், ரஸ் கீ ஆகிய பொறியாளர்கள் சேர்ந்து, நடுத்தர அளவுள்ள டெம்பெஸ்ட் காருக்குள் பெரிய கார்களின் 389 கன அங்குல இஞ்சினை வைத்தார்கள். அந்த அளவுக் காரில் 330க்கு மேல் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தலைமையின் விதி இருந்தது. இது தனி மாடல் இல்லை, கூடுதல் காசு கொடுத்தால் கிடைக்கிற தொகுப்பு, அவ்வளவுதான் என்று சொல்லி விதியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அப்படி வந்தது ஜி.டி.ஓ. பிறகு எல்லாக் கம்பெனிகளும் அதே பாதையில் ஓடின. ஓட ஓடத் தோல் சீட், குரோம், மர வேலைப்பாடு என்று ஒவ்வொன்றாக ஏறி, விலையும் ஏறியது. யாரை நினைத்துச் செய்தார்களோ அந்த இருபது வயதுப் பையன்களின் கைக்கு எட்டாமல் போனது.

பிளிமத் 1968ல் செய்தது அதற்கு நேர் எதிர். சாதாரண குடும்ப காரின் உடம்பு. முன்னால் நீளமான பெஞ்சு சீட். முதல் வருட வண்டிகளில் தரைக்குக் கார்ப்பெட் கூடக் கிடையாது, ரப்பர் விரிப்பு. பின் பக்கவாட்டுக் கண்ணாடி கீழே இறங்காது, கீலில் வெளிப்பக்கம் சற்றே திறக்கும். மிச்சம் பிடித்த காசையெல்லாம் இஞ்சின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன், பிரேக்கில் போட்டார்கள். ஆரம்ப விலை 2,896 டாலர். ரோடு ரன்னர் என்ற கார்ட்டூன் பறவையின் பெயரையும் படத்தையும் பயன்படுத்த வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 டாலர் கொடுத்ததும், அது மாதிரியே 'பீப் பீப்' என்று கத்தும் ஹார்ன் வைத்ததும் தனிக் கதை. 1969ல் மோட்டார் டிரெண்ட் இதழ் இதை ஆண்டின் சிறந்த காராகத் தேர்ந்தெடுத்தது. இன்றைக்கு ஏலத்தில் இவற்றுக்குக் கிடைக்கும் மரியாதையைப் பார்க்கிறவர்களுக்கு இது மளிகைக் கடைப் பையன் வாங்கிய வண்டி என்பது மறந்துவிடுகிறது. நான் இதைத் தேடியதற்குக் காரணமே அதுதான்.

இஞ்சின் 383 கன அங்குலம், கிட்டத்தட்ட 6.3 லிட்டர். எட்டு சிலிண்டர். ஒரு சிலிண்டருக்கு 784 சிசி வருகிறது. நாம் ஓட்டிப் பழகிய மாருதி 800ன் மொத்த இஞ்சினே 796 சிசிதான். எட்டு மாருதி. லிட்டருக்கு நான்கைந்து கிலோமீட்டர் கொடுத்தால் அதிர்ஷ்டம். மனைவிக்கு இந்தக் கணக்கை நான் சொல்லவில்லை, மகள் சொல்லிவிட்டாள்.

லபீர் பக்கம் ஒரு பண்ணைக் கொட்டகையில் கிடைத்தது. மேலே யாரோ எண்பதுகளில் அடித்த கறுப்புப் பெயின்ட், சீட்டுக்குள் எலிக் குடித்தனம். இந்த வண்டிகளை வாங்கும்போது பெயின்டைப் பார்க்கக் கூடாது, எண்ணைப் படிக்க வேண்டும். டாஷ்போர்டின் இடது ஓரத்தில், கண்ணாடி வழியாகத் தெரியும் தகட்டில் 'ஆர்எம்21எச்9ஏ' என்று தொடங்கினால்: ரோடு ரன்னர், தூண் வைத்த கூபே (இரண்டு கதவு, பக்கவாட்டுக் கண்ணாடிகளுக்கு நடுவே தூண்), 335 குதிரைசக்தி 383, 1969 மாடல், லிஞ்ச் ரோடு ஆலை. டெட்ராய்ட் நகரத்துக்குள்ளேயே இருந்த ஆலை அது, 1981ல் மூடிவிட்டார்கள். இன்னொரு தகடு பானட்டைத் திறந்தால் இடது மட்கார்டின் உள்பக்கம் இருக்கும். அதில் பெயின்ட் குறி பி5, நீலம். தேதிக் குறியில் டிசம்பருக்கு 'சி' என்ற எழுத்து. இதோடு, ஆலையில் லைன் முழுக்க வண்டியோடு போகும் ஒரு காகிதம் உண்டு. எந்த வண்டிக்கு எந்த பாகம் என்று அதைப் பார்த்துத்தான் மாட்டுவார்கள். வேலை முடிந்ததும் அதைப் பின் சீட்டின் ஸ்பிரிங்குக்குள் செருகிவிட்டுப் போவது வழக்கம். எங்கள் வண்டியிலும் இருந்தது. பாதியை எலி தின்றிருந்தது. மீதிப் பாதியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மகள் தன் அறையில் வைத்திருக்கிறாள்.

இஞ்சின் பிளாக்கில் அடித்திருந்த எண் வண்டி எண்ணோடு ஒத்துப்போகவில்லை. இதுவும் 383தான், வேறு வண்டியிலிருந்து வந்தது. எண் ஒத்துப்போகிற வண்டிகளுக்கு விலை வேறு. ஒத்துப்போகாததால்தான் என்னால் வாங்க முடிந்தது. எண் ஒத்துப்போகிற வண்டி கிடைத்திருந்தால் தொடவே பயந்திருப்பேன்.

அந்த டிசம்பர் தேதியில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. அமெரிக்க அரசின் விதிப்படி, 1969 ஜனவரி 1 முதல் தயாராகும் கார்களின் முன் சீட்டில் தலைக்குச் சாய்மானம் கட்டாயம். எங்களுடையது சில வாரம் முந்திக்கொண்டதால் அது இல்லை. சீட் முதுகு தோளோடு நின்றுவிடுகிறது. மனைவி முதல் தடவை ஏறி உட்கார்ந்து, பின்னால் கையை விட்டுத் தடவிப் பார்த்து, "ஏங்க, கழுத்துக்கு ஒண்ணுமே இல்லையே?" என்றாள். நான் விதியின் தேதியை விளக்கினேன். அவள் கேட்டது தேதியை அல்ல என்று பிறகுதான் புரிந்தது. அதே வருட வண்டிக்கு ஜனவரிக்குப் பிறகு வந்த சாய்மானம் வைத்த சீட் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சரி, துரு. மிச்சிகனில் பழைய வண்டி என்றாலே பேச்சில் பாதி துருதான். குளிர்காலத்தில் பனி உருகச் சாலையில் உப்புக் கொட்டுகிறார்கள். அந்த உப்பு எங்கிருந்து வருகிறது தெரியுமா? டெட்ராய்ட் நகரத்துக்கு நேர் கீழே, ஏறக்குறைய 1,100 அடி ஆழத்தில் உப்புச் சுரங்கம் இருக்கிறது. வெட்டத் தொடங்கி நூறு வருடத்துக்கு மேலாகிறது. மேலே கார் செய்த ஊர், கீழே அந்தக் காரைத் தின்ன உப்பு. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள். இங்கே உப்பே வண்டியைத் தின்கிறது, தண்ணீர் குடிப்பது நான்.

இந்த வண்டிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. தரைத் தகடு, பெட்டி மாதிரி மடித்த நீளச் சட்டங்கள், சுவர்கள் எல்லாம் ஒன்றாக வெல்டிங் செய்த ஒரே கூடு. லாரி மாதிரி அடிச்சட்டத்தின்மேல் பாடியைத் தூக்கி வைத்ததாக இருந்தால், துருப்பிடித்த தரை வெறும் தரைதான். இதில் தரை போனால் பலமே போகிறது. முன் சக்கரங்களுக்குச் சுருள் ஸ்பிரிங் இல்லை, முறுக்கினால் எதிர்க்கும் நீளமான எஃகுக் கம்பிகள், டார்ஷன் பார். அவற்றின் பின்முனை இருக்கைக்கு அடியில் ஒரு குறுக்குச் சட்டத்தில் போய் உட்காரும். வண்டியின் முன்பாரம் அங்கேதான் முறுகி நிற்கிறது. இந்த வகை வண்டி வாங்க நினைக்கிறவர்கள் அந்தக் குறுக்குச் சட்டத்தை ஸ்க்ரூட்ரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் விற்பவருக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம். எங்களுடையதில் போகவில்லை. தரை, டிக்கித் தரை, பின் பாடியின் அடிப்பகுதி எல்லாவற்றிலும் போனது.

வெட்டுவதற்கு முன்னால் கதவு வாசல்களில் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டு அடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தரையை வெட்டியதும் கூடு தொய்ந்து, கதவு மறுபடி மூடாது. பிறகு கோழியைக் கம்பியில் குத்திச் சுழற்றுவது மாதிரி வண்டியை முன்னும் பின்னும் பிடித்து உருட்டுகிற ஸ்டாண்டில் ஏற்றிவிட்டோம். மல்லாந்து படுத்துக்கொண்டு வெல்டிங் பொறியைக் கழுத்துக்குள் வாங்குகிற வேலை இதோடு ஒழிந்தது. ஆலையில் தகடுகளை ஸ்பாட் வெல்டிங்கால் சேர்த்திருப்பார்கள். ஒவ்வொரு புள்ளியையும் அதற்கென்று உள்ள டிரில் முனையால் மேல் தகட்டை மட்டும் குடைந்து எடுக்க வேண்டும். புதுத் தகட்டில் அதே இடங்களில் ஓட்டை போட்டு, அந்த ஓட்டையை வெல்டிங்கால் நிரப்பினால் பழைய புள்ளிகள் மாதிரியே அமையும். தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரே இழுப்பில் வெல்டு இழுத்தால் சூட்டில் அப்பளமாகிவிடும். இங்கே ஓர் அங்குலம், அங்கே ஓர் அங்குலம், நடுவில் ஆறவிட்டு டீ.

இந்தக் கலையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். பான்டியாக் ஆலையில் பாடி ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரோடு ரன்னர் என்றாலே முகத்தைச் சுளிப்பார். "நாங்கள் செய்ததைப் பார்த்து எழுதிய காப்பி" என்பது அவர் தீர்ப்பு. ஆனால் தினமும் வந்துவிடுவார். முதல் நாள் நான் இடப்பக்கச் சக்கரத்தைக் கழற்ற ஸ்பானரோடு உட்கார்ந்ததும், போல்ட் முனையில் 'எல்' என்ற எழுத்தைக் காட்டி, வலப்பக்கம் திருப்பு என்றார். அந்தக் காலத்துக் கிரைஸ்லர் வண்டிகளில் இடப்பக்கச் சக்கர நட்டுகளுக்கு இடது மரை. வண்டி ஓட ஓட நட்டு தானாகக் கழலாமல் இருக்க அப்படி வைத்தார்களாம். இது தெரியாமல் முழுப் பலத்தோடு மிதித்து போல்ட்டையே முறித்தவர்கள் ஏராளம் என்றார், பான்டியாக்காரரின் மகிழ்ச்சியோடு.

சின்னச் சின்ன பாகங்களின் துருவை மகளிடம் விட்டுவிட்டேன். பத்தாம் வகுப்பு வேதியியல். ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், சலவைச் சோடா, பேட்டரி சார்ஜர். நெகட்டிவை பாகத்தில், பாசிட்டிவை ஒரு பழைய இரும்புத் தகட்டில் கொடுத்துவிட்டால் மறுநாள் துரு கறுப்புச் சேறாகி உரிந்து வந்துவிடும். எவர்சில்வரை மட்டும் பாசிட்டிவில் மாட்டக் கூடாது, தண்ணீரில் விஷமான குரோமியம் சேரும். இதை அவள் தொட்டி மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறாள், அப்பாவுக்கு என்று பெயர் போட்டு.

இப்படித் துருவும் அழுக்கும் எடுக்கிற வேலையில்தான் நான் சொல்ல வந்த விஷயம் தொடங்கியது. இஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவில் இருக்கும் சுவரில் படிந்திருந்த கிரீஸைத் துடைத்தபோது, அடியில் மஞ்சள் மெழுகுக் குச்சியால் எழுதிய மூன்று எண்கள் வந்தன. லைனில் நின்றவர் அவசரமாகக் கிறுக்கிய எண்கள். ஒரு எண்ணில் கை வழுக்கி வால் நீண்டிருக்கிறது. வண்டியின் அடிப்பக்கம் முழுக்க நீலம் இல்லை. சாம்பல் நிறப் பிரைமர்தான், ஓரங்களில் மட்டும் மேலே அடித்த நீலம் தூறலாக இறங்கியிருக்கிறது. டிக்கி மூலையில் சீலன்ட்டைக் கையால் இழுவி விட்டிருக்கிறார்கள், விரல் தடம் தெரிகிறது. அந்த நாளில் எல்லா ஆலையிலும் இப்படித்தான். லைன் நிற்கக் கூடாது.

இன்றைக்கு இந்த வண்டிகளைப் புதுப்பிக்கிறவர்களில் இரண்டு கட்சி. ஒரு கட்சி அடிப்பக்கத்தைக்கூடக் கண்ணாடி மாதிரி நீலமாக்கி, எல்லா இடைவெளியையும் ஒரே அளவாக்கி, ஆலையிலிருந்து எந்தக் காலத்திலும் வெளிவராத ஒரு வண்டியைச் செய்யும். இன்னொரு கட்சி ஆலைத் தவறுகளையும் சேர்த்துத் திரும்பச் செய்யும். பெயின்ட் வழிந்த இடத்தில் வழியவிட்டு, மெழுகுக் குச்சிக் குறிகளைப் புகைப்படம் பார்த்து மறுபடி போடுவார்கள். அந்தக் குறிகளுக்கு ஸ்டென்சில் கூட விற்கிறார்கள். வருடா வருடம் நவம்பரில் சிகாகோ பக்கம் ரோஸ்மாண்டில் நடக்கும் பெரிய மசில் கார் கண்காட்சிக்குப் போனால் இரண்டு கட்சியையும் பக்கத்துப் பக்கத்தில் பார்க்கலாம். ஒருவர் தரையில் கண்ணாடி வைத்து அடிப்பக்கப் பளபளப்பைக் காட்டுவார். அடுத்தவர் அதே மாதிரி கண்ணாடி வைத்து அடிப்பக்கத் தூறலைக் காட்டுவார்.

எனக்கு இரண்டாவது கட்சிமேல்தான் சாய்வு. ஆனால் கிறுக்கலைப் பார்த்துக் கிறுக்குவது கொஞ்சம் அதிகம் என்று படுகிறது. ஆகவே இருப்பதை விடுவது, இல்லாததைப் போடாமல் இருப்பது. சுவரில் அந்த மஞ்சள் எண்கள் இருக்கும் இடத்தை மட்டும் டேப் ஒட்டி மறைத்துவிட்டுச் சுற்றிலும் வேலை செய்தோம். புது டிக்கித் தரையில் சீலன்ட்டைப் பிரஷ்ஷால் சுத்தமாகத்தான் பூசினேன், போலி விரல் தடம் வைக்கவில்லை. கதவின் ஒன்பது மில்லிமீட்டர்? அதில்தான் தூக்கம் போனது. கீல் போல்ட்டைத் தளர்த்தி, நெம்புகோலால் ஒரு தட்டு தட்டினால் ஏழுக்கு வந்துவிடும். ஓரத்தில் கொஞ்சம் வெல்டு ஏற்றி ராவினால் ஐந்து. என் தொழிலில் இருபது வருடமாகச் செய்வது இதைத்தான், அதனால்தானோ என்னவோ, கை வரவில்லை. அந்தப் போல்ட்டின் பெயின்ட்டை உடைக்கிற முதல் ஆள் நானாக இருக்க விருப்பமில்லை. கதவு ஒழுங்காக மூடுகிறது, தண்ணீர் உள்ளே வரவில்லை. விட்டுவிட்டேன். ஆபீசில் இதைச் சொன்னபோது கூட வேலை பார்ப்பவர் ஒருவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

உடனே கேட்பீர்கள், அப்படியானால் எல்லாமே அன்றைக்கு இருந்தபடியா என்று. இல்லை. நெருப்புப் பிடிக்கக்கூடியது எதையும் அப்படியே விடுவதாக இல்லை. அந்தக் காலத்து இந்த வண்டிகளில் மின்னோட்டம் அளக்கும் மீட்டர் ஒன்று டாஷ்போர்டில் இருக்கும். ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் மொத்த சார்ஜும் இஞ்சின் சுவரில் உள்ள ஒரு பிளாஸ்டிக் இணைப்பான் வழியாக உள்ளே வந்து, அந்த மீட்டருக்குள் புகுந்து, மறுபடி அதே இணைப்பான் வழியாக வெளியே பேட்டரிக்குப் போகும். புதிதில் ஒன்றும் ஆகாது. ஐம்பது வருடம் ஈரம் பட்டு, பித்தளைப் பற்களில் பச்சை படிந்து, தடை கூடி, சூடாகும். எங்கள் இணைப்பானைக் கழற்றிப் பார்த்தால் ஒரு மூலை உருகிப் பழுப்பாகியிருந்தது. ஆகவே இப்போது ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு நேராகத் தடித்த வயர், நடுவில் அதிகச் சுமை வந்தால் உருகி அறுகிற ஃப்யூஸ் லிங்க். மீட்டரின் முள் இனி அலங்காரம். முன்பக்கம் பதினோரு அங்குல டிரம் பிரேக்குக்குப் பதில் டிஸ்க், அன்றைக்கே கூடுதல் காசுக்குக் கிடைத்ததுதான். பெட்ரோல் குழாய்களெல்லாம் எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்குகிற ரப்பர். பழைய ரப்பரை அது கரைத்துவிடும். கொள்கை முரண்பாடு என்றால் ஆமாம், முரண்பாடுதான். இந்த வண்டியில் என் மகள் ஏறப் போகிறாள்.

இக்னிஷனுக்கு பாயின்ட்டும் (தீப்பொறிக்கான மின்சாரத்தை விட்டு விட்டு நிறுத்தும் சுவிட்ச்), அந்த மின்சாரத்தைக் குறைக்கும் பலாஸ்ட் ரெசிஸ்டரும் பழையபடியே வைத்திருக்கிறேன். சுவரில் திருகிய வெள்ளைப் பீங்கான் துண்டுதான் அந்த ரெசிஸ்டர். சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகும், வண்டி நடுரோட்டில் நிற்கும். அதனால் இந்த வண்டி வைத்திருப்பவர் எவரும் டாஷ்போர்டுப் பெட்டிக்குள் இன்னொன்று போட்டு வைப்பார். நானும் வாங்கிப் போட்டாயிற்று, வண்டியில் இன்னும் இஞ்சினே ஏறவில்லை என்றாலும்.

இஞ்சின் மெஷின் ஷாப்புக்குப் போய் வந்தது. சிலிண்டர்கள் தேய்ந்திருந்ததால் 30 தவ் குடைந்து புது பிஸ்டன். தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதனால் 383 இப்போது 388. ஹெட்டில் எக்சாஸ்ட் வால்வு உட்காரும் இடத்தில் கெட்டியான எஃகு வளையம் பதித்தார்கள். அன்றைய பெட்ரோலில் இருந்த ஈயம் வால்வு சீட்டுக்கு மெத்தை மாதிரி உதவியது. 1996லிருந்து இங்கே சாலை வண்டிகளுக்கு ஈயம் கலந்த பெட்ரோல் அறவே தடை. இந்த இஞ்சினில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட், நடுவில் உள்ள தட்டையான டாப்பெட்டுகள் (அந்த அசைவை வால்வுக்குக் கடத்தும் சின்ன உருளைகள்) மேல் நேராக உரசுகிற வகை. உரசலைத் தாங்க எண்ணெயில் துத்தநாகச் சேர்மம் வேண்டும், இன்றைய கார் எண்ணெய்களில் அதைக் குறைத்துவிட்டார்கள், ஆகவே பழைய இஞ்சின்களுக்கென்று விற்கும் எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். முதல் முறை ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடவே கூடாது. நேராக நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் ஏற்றி இருபது நிமிடம் அங்கேயே பிடிக்க வேண்டும். அப்போதுதான் கேமும் டாப்பெட்டும் ஒன்றுக்கொன்று பழகும்.

அதை டிரைவ்வேயில் ஒரு ஸ்டாண்டில் வைத்து, ரேடியேட்டர் மாட்டிச் செய்தோம். கிரைஸ்லர் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குள் சின்னக் கியர் ஒன்று உண்டு. அதனால் அதன் சத்தமே தனி, நீளமாகக் கேவுகிற மாதிரி இருக்கும். தலைமையகம் இருந்த ஊரின் பெயரால் அதை 'ஹைலண்ட் பார்க் ஹம்மிங்பேர்டு' என்று இங்கே சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அந்தச் சத்தம் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டார். இஞ்சின் பிடித்துக்கொண்டதும் தெரு முழுக்க ஜன்னல் திறந்தது. இருபது நிமிடமும் பெரியவர் எண்ணெய் அழுத்த மீட்டரை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. நிறுத்தியதும், "பான்டியாக்காக இருந்தால் இன்னும் அமைதியாக இருந்திருக்கும்" என்றார். எண்ணெய் ஒழுக்கு எங்கும் இல்லை. அதை அவர் வாயால் சொல்லவில்லை, அடியில் விரித்த அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பெயின்ட் மட்டும் வீட்டில் கிடையாது. இன்றைய இரண்டு பாகப் பெயின்ட்டுகளின் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. ஒரு தடவை நுரையீரல் அதற்கு ஒவ்வாமை பிடித்துக்கொண்டால் பிறகு வாழ்நாள் முழுக்க ஆஸ்துமா. சாதாரண வடிகட்டி மாஸ்க்கை நம்ப முடியாது, வெளியிலிருந்து குழாயில் காற்று வருகிற மாஸ்க் வேண்டும். இது போதாதென்று எங்கள் கராஜ் வீட்டோடு ஒட்டியது, மூலையில் எரிவாயு வாட்டர் ஹீட்டர், அதில் எப்போதும் ஒரு சின்னச் சுடர். பெயின்ட் ஆவியும் சுடரும் ஒரே அறையில். யூடியூபில் பிளாஸ்டிக் ஷீட்டைத் தொங்கவிட்டுக் கராஜில் அடிக்கிறவர்களைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம். பட்டி பார்த்து, எபாக்சி பிரைமர் வரைக்கும் தட்டுமுட்டு வேலையெல்லாம் எங்களுடையது. அதுவும் கதவு திறந்து, ஹீட்டரை அணைத்துவிட்டு, பிரஷ்ஷிலும் ரோலரிலும். பி5 நீலம் பெயின்ட் கடையில். கடைக்காரர் வந்து கதவைப் பார்த்தார், விரலை ஒன்பது மில்லிமீட்டருக்குள் விட்டுப் பார்த்தார், நான் விளக்கியதைக் கேட்டார். "அப்படியே அடித்துத் தருகிறேன். ஆனால் யார் அடித்தது என்று மட்டும் வெளியே சொல்லாதே" என்றார். அதனால்தான் இங்கே அவர் பெயர் இல்லை.

ஆகஸ்டில் உட்வர்டு அவென்யூவில் நடக்கும் டிரீம் குரூஸுக்கு இந்த வருடம் போவோமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஃபெர்ண்டேல் ஊரில் ஒரு கால்பந்து மைதானத்துக்குப் பணம் திரட்ட 1995ல் தொடங்கியது, இப்போது ஃபெர்ண்டேலிலிருந்து பான்டியாக் ஊர் வரை சாலை முழுக்க வண்டிதான். அறுபதுகளில் இதே சாலையில்தான் பையன்கள் ராத்திரி சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் விட்டார்கள். போவோம், எங்கள் ஹோண்டா ஒடிசியில், மடக்கு நாற்காலியோடு. ரோடு ரன்னரில் இன்னும் வயரிங், ஹீட்டர் பெட்டி, கண்ணாடிகள், கூரைத் துணி எல்லாம் பாக்கி. பம்பர் இரண்டும் குரோம் போட வரிசையில் காத்திருக்கின்றன.

செலவு எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு: வண்டி முடிந்ததும் விற்றால் கிடைப்பதைவிட அதிகம். மனைவியிடம் நோட்டு இருக்கிறது, என்னிடம் கேட்காதீர்கள். அவளுக்குப் பணத்தைவிட இடம்தான் பிரச்சினை. பெஞ்சு சீட் பேஸ்மென்ட்டில், கதவு உள்தட்டுகள் விருந்தாளி அறைக் கட்டிலுக்கு அடியில், இளம் ஊதா நிற ஹார்ன் சாமி அறைக்குப் பக்கத்து அலமாரியில். ஹார்னுக்கு மகள் பன்னிரண்டு வோல்ட் கொடுத்துப் பார்த்ததில் வேலை செய்கிறது என்று தெரிந்தது, பக்கத்து வீட்டு நாய்க்கும் தெரிந்தது. போன வாரம் மனைவி தேதி கொடுத்துவிட்டாள். நவம்பரில் முதல் பனி விழும்போது கராஜின் இடப்பக்கத்தில் அவள் கார் நிற்க வேண்டும். பெயின்ட் கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் எந்த நவம்பர் என்று கேட்டார்.